இன்னொரு கை

மிஷினைச் சுற்றிக் கட்டிய பெல்ட்டை, பாரம் தூக்குகிற செயின் பிளாக்கின் கொக்கியில் மாட்டி, கொக்கியின் நாக்கு சரியாக மூடியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற லாரி டிரைவர் சிரித்தான். இந்தப் பட்டறையில் பாரம் தூக்குவது ஒரு பொம்பளை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சிரிக்கட்டும், அவன் வாய்க்குமா கொக்கி மாட்ட முடியும்? பட்டறை அண்ணனுடையது. விற்றுப்போன லேத் மிஷின் ஒன்றரை டன். மேலே இரும்பு கர்டரில் தொங்குகிற செயின் பிளாக் இரண்டு டன்னைத் தாங்கும். புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த வாரமே அதன் சங்கிலியைப் பிடித்தேன். அதற்குப் பிறகு வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

இன்றோடு அந்த வேலை என் கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது. காலையில் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே பேச்சை எடுத்தான். அண்ணியின் தம்பி சும்மாதானே இருக்கிறான், பாரம் தூக்குவதை அவன் பார்த்துக்கொள்ளட்டும், நீ வீட்டில் அண்ணிக்கு ஒத்தாசையாக இரு என்றான். இந்த மிஷின் நல்லபடியாக லாரியில் ஏறட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டான். அந்த வீட்டில் ஒத்தாசையாக இருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். துணி சோப்புக்குக்கூட அண்ணி முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதற்குப் பேசாமல் புருஷன் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

கைச்சங்கிலியை இழுத்தேன். பெல்ட் விறைத்தது. மேலே டக், டக் என்று சக்கரத்தின் பல் விழுந்தது, அப்புறம் நின்றுவிட்டது. உடம்பின் எடையை எல்லாம் போட்டுத் தொங்கினேன். ஒரு பல்கூட நகரவில்லை. சங்கிலி கம்பி மாதிரி நின்றது. காலையில் சாப்பிடவில்லையா அக்கா என்று டிரைவர் கேட்டான். எனக்கு உள்ளூரப் பயம் வந்தது. கைதான் தளர்ந்துவிட்டதோ? நேற்றெல்லாம் தோள்பட்டை வலி வேறு. எனக்குத் தூக்க வரவில்லை என்று சொன்னால் அண்ணன் காத்துக்கொண்டிருக்கிற வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அண்ணியின் தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். தினமும் உடற்பயிற்சிக்குப் போவதால் அவனுக்கு பயில்வான் என்றே பெயர்.

"நகருங்கக்கா. ரெண்டு பேரா இழுத்தா வந்துட்டுப் போகுது."

சங்கிலியை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"இது ஒரு ஆள் கைக்குன்னு செஞ்ச சங்கிலி. ஒருத்தருக்கு வரலைன்னா கீழ எதுவோ பிடிச்சிருக்கு. இன்னொரு கை வச்சா ஒண்ணு சங்கிலி அறும், இல்ல பிடிச்சிருக்கிறது விட்டு மிஷின் எகிறும். நீ நிக்கிற இடத்துலதான் வந்து விழும்."

அவன் காலைப் பின்னால் எடுத்தான். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. மிஷினைத் தரையோடு முடுக்கியிருந்த போல்ட்டையெல்லாம் நேற்றே கழற்றியது அண்ணன்தான். அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னான்.

"உனக்கு முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. லாரி நிக்குது."

"முடியலை," என்றேன். சொன்னதும் பயம் போன இடம் தெரியவில்லை. "அவனையும் இழுக்க விட மாட்டேன். நாளைக்கு யார் கையில வேணாலும் குடு. இன்னிக்கு இது என் கையில இருக்கு. நீ குனிஞ்சு பாரு."

டிரைவர் சிரிப்பதை நிறுத்திவிட்டான். சங்கிலியை மெல்ல இறக்கி பெல்ட்டைத் தொய்யவிட்டேன். அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே சுவரோரம் போய்க் குப்புறப் படுத்து, மிஷினின் பின்கால் பக்கம் இரும்புச் சீவலும் கிரீஸும் மண்டிக் கிடந்த இடுக்கில் கையை விட்டான். கொஞ்ச நேரம் சீவலைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. கழற்றாமல் விட்ட போல்ட் ஒன்று கையில் தட்டுப்பட்டிருக்க வேண்டும், திட்டுவது நின்றது.

எழுந்திருப்பான் என்று பார்த்தேன். எழவில்லை. இடுக்கிலிருந்து அவன் கை மட்டும் வெளியே நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்தது. பயில்வான் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பானர்களைப் பார்த்தான். எதை எடுப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை.

"என்ன வேணும்னு வாயால கேளுண்ணா."

கிரீஸ் அப்பிய அந்தக் கை மூடாமல் அப்படியே இருந்தது. சங்கிலியை நான் விடவில்லை.