அசருக்கு முந்திய பாங்கு

வெள்ளம் வடிந்து வீடு திரும்பியதும் என் கணவர் அஸீம் முதலில் தேடியது கிணற்றை. நான் தேடியது பாம்பை. கம்பால் மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பார்த்துத்தான் குழந்தை றஹ்மாவோடு உள்ளே காலெடுத்து வைத்தேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி அது. மகாவலி கிண்ணியாவுக்குள் புகுந்து, ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிக் கிடந்தது. வீட்டுச் சுவரில் என் தலைக்கு மேலே சேற்றுக் கோடு. அலுமாரிக்குள் என் கலியாணச் சேலையின் மேல் ஒரு மீன் செத்துக் கிடந்தது. வாப்பா தந்த கதிரை மிதந்து போய் முகட்டுக் கம்புகளுக்கிடையில் செருகி நின்றது. யாரோ மேலே உட்கார்ந்து எங்களைப் பார்ப்பது போலிருந்தது. "சுப்ஹானல்லாஹ்" என்று நின்றுவிட்டேன்.

பள்ளிக்கூட முகாமில் மருந்து தந்த ஐயா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் குடியுங்கோ. கிணத்தை உடன இறைக்காதேங்கோ. நிலம் ஊறிப்போய்க் கிடக்கு. உள்ளுக்குத் தண்ணி இல்லாட்டி வெளித் தண்ணி கிணத்துக் கட்டைத் தள்ளி விழுத்திப்போடும்."

எங்கள் ஊரிலோ வெள்ளம் வடிந்தால் முதல் வேலையே கிணறு இறைப்பதுதான். இறைக்காத வீட்டை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

"மச்சான், அந்த ஐயா சொன்னது காதில விழல்லியா?" என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஐயாக்கு மருந்து தெரியும் புள்ள, நம்மட மணல் தெரியுமா? கொதிக்க வைக்கிறதுக்கு விறகு எங்க? எல்லாம் ஊறிக் கிடக்கு. றஹ்மாக்கு வயிறு போகுது."

குழந்தையின் பெயரைச் சொன்னதும் வாளியை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் நெஞ்சு கேட்கவில்லை. இறங்குகிற மனுசன் ஏறி வரவேண்டுமே என்ற ஒரே பயம்தான்.

காலையிலிருந்து தண்ணீரை இறைத்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு சேறு வார இறங்கினார். கயிற்றைத் தென்னையில் கட்டியிருந்தோம். அவர் வாளியை நிரப்ப, நான் இழுத்துக் கொட்டினேன். செங்கல் இடுக்கெல்லாம் தண்ணீர் கசிந்துகொண்டேயிருந்தது.

"போதும் மச்சான், ஏறுங்க!"

"இன்னும் முழங்கை ஆழம் கிடக்கு. சும்மா இரி புள்ள."

அந்த நேரம் பள்ளிவாசல் பக்கமிருந்து பாங்கு கேட்டது. எனக்கே ஆச்சரியம். பின்னேரத்து அசர் தொழுகைக்கு இவ்வளவு கெதியாகவா நேரம் வந்தது? பள்ளிவாசல் மணிக்கூடு வெள்ளத்தில் மூழ்கி நின்றுபோயிருந்தது. வானமும் மூடிக் கிடந்ததால் நிழல் பார்க்க வழியில்லை. அபூதாஹிர் மோதினார் குத்துமதிப்பாகத்தான் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

அஸீம் முன்பெல்லாம் பாங்கு கேட்டாலும் வெற்றிலை போட்டு, கதையளந்து, கடைசி நேரத்தில் ஓடுகிற ஆள். வெள்ளத்தன்று தென்னையைக் கட்டிப்பிடித்துத் தொங்கியபோது ஒரு நிய்யத்து வைத்திருந்தார்: பிழைத்தால், பாங்கு கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டுத் தொழுவேன் என்று. "வெள்ளத்தோட வந்த பக்தி வெள்ளத்தோட வடிஞ்சிரும்" என்று நான் கேலி செய்திருந்தேன்.

கீழே வாளி விழும் சத்தம் கேட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேறும் சகதியுமாக ஏறி வந்தார்.

"நிய்யத்தெண்டா நிய்யத்துத்தான் புள்ள" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காலையில் இறைத்துத் தெளிய வைத்திருந்த தண்ணீரில் முகம், கை, கால் கழுவி ஒழு எடுத்து, வாசலில் பாயை விரித்துத் தொழுகைக்குத் தக்பீர் கட்டினார். சுஜூதில் நெற்றியை வைத்த நேரம் தரை ஒரு தரம் குலுங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. கிணற்றுக்கட்டு முழுவதும் ஒன்றாக உள்ளே போனது. பக்கத்தில் நின்ற வாழை, நின்றபடியே கீழே இறங்கி, அதன் குருத்து என் காலடிக்கு வந்தது. பிறகு மண்நிறத் தண்ணீர் பொங்கி எல்லாவற்றையும் மூடியது. கிணறு இருந்த இடம் தெரியவில்லை.

அவர் தொழுகையை முறிக்கவில்லை. அந்த நடுங்கிய மண்ணில் நெற்றியை வைத்தபடியே கிடந்தார். இப்படியும் ஒரு காவல் உண்டா என்று நினைத்து நினைத்து அழுதேன்.

ஸலாம் கொடுத்துத் திரும்பியவர், சேற்றுக்குள் இறங்கிப் போயிருந்த கயிற்றை வெகுநேரம் பார்த்தார். எழுந்து போய் முகட்டிலிருந்த கதிரையை இறக்கினார். அது மட்டும்தான் வீட்டில் காய்ந்திருந்தது. வாப்பாவின் கதிரையாயிற்றே என்று நானும் சொல்லவில்லை. அதை உடைத்து அடுப்பு மூட்டி, றஹ்மாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தோம்.

தண்ணீர் ஆறுவதற்குள் மேகம் பிரிந்து வெயில் விழுந்தது. கையில் ஒரு கம்போடு மோதினார் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"தம்பி அஸீம், பிழை விட்டுட்டன். இப்பதான் கம்பை நட்டு நிழல் பார்த்தன். அசருக்கு வக்து இன்னும் வரல்ல. முந்திச் சொல்லிப்போட்டன். தொழுதிருந்தா அந்தத் தொழுகை கூடாது, செல்லாது, திரும்பத் தொழணும். வீடு வீடாச் சொல்லிக்கிட்டு வாறன்." வெட்கத்தில் அவர் முகம் கன்றிப் போயிருந்தது.

நான் கிணறு இருந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினேன். அவர் அந்தக் குழம்பிய தண்ணீரைப் பார்த்தார். உடுப்பெல்லாம் சேறாக, றஹ்மாவைத் தூக்கிக்கொண்டு நின்ற அஸீமைப் பார்த்தார். கம்பு கையிலிருந்து நழுவியது.

"கூடாட்டிப் பரவாயில்ல காக்கா" என்றார் அஸீம். "இன்னொருக்காத் தொழ நான் இரிக்கிறனே."

தோளில் கிடந்த றஹ்மாவை என்னிடம் நீட்டினார். குழந்தையோடு சேர்த்து அவர் கையையும் பிடித்துக்கொண்டேன்.