எந்த நிறமும் பிடிக்காதவர்

"பேப்பரை இன்னும் கொஞ்சம் மேல பிடிங்கப்பா. விரலால மறைக்காதீங்க. ஆங், அப்படியே."

இடது கையில் போன், வலது கையில் வெள்ளைத்தாள். கூடத்துச் சுவரில் பெயிண்டர் அடித்துவிட்டுப் போயிருந்த கைக்குட்டை அகலப் பச்சைத் திட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் கேமரா நிறத்தில் பொய் சொல்லுமாம். பக்கத்தில் வெள்ளை இருந்தால் அது எவ்வளவு பொய் சொல்கிறது என்று என் மகளுக்குத் தெரிந்துவிடுமாம். லைட் போடக் கூடாது, ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். ஒவ்வொரு நிறத்தையும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்க்க வேண்டும். இத்தனை சட்டதிட்டம் என் கல்யாணத்துக்குக்கூட இருந்ததில்லை.

"இப்ப அந்தப் பச்சையை மட்டும் பாருங்க. ஒண்ணும் யோசிக்காதீங்க. என்ன தோணுது?"

உண்மையைச் சொன்னால், ஒன்றும் தோன்றவில்லை. பச்சை பச்சையாக இருந்தது. பார்க்கப்போனால் நன்றாகவே இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'சரிப்பா, அப்ப அதையே அடிக்கச் சொல்லிடுங்க' என்பாள். கூடம் முடிந்துவிடும். அப்புறம் மிச்சம் இருப்பது படுக்கையறையும் சமையலறையும்தான்.

"ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கும்மா," என்றேன். "யாரோ உள்ள இருந்து வந்து நம்ம பேரைக் கூப்பிடப் போற மாதிரி."

"ம். அதுல நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. நாளைக்கு மஞ்சள் கலந்த பச்சையா ஒண்ணு பார்க்கலாம்பா."

நாளைக்கு என்ற அந்த ஒரு சொல்லை வாங்கத்தான் நான் இந்தப் பாடு பட்டேன்.

என் மகளுக்கு இதுதான் தொழில். ஆஸ்பத்திரி, ஆபீஸ், பள்ளிக்கூடம் கட்டுகிறவர்கள் இவளைக் கூப்பிட்டு எந்த அறைக்கு எந்த நிறம் என்று கேட்பார்கள். காத்திருக்கிற இடத்தில் மனசு பதறாமல் இருக்க ஒரு நிறம், வேலை செய்கிற இடத்தில் கண் சொருகாமல் இருக்க ஒரு நிறம். இதற்கெல்லாம் படிப்பு இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பார்த்த லிஃப்டுகளில் பாதிக்கு மேல் உள்ளே சாம்பல் நிறம். அதற்குள் நின்றவர்கள் சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. மேலே நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கலர்ல என்னம்மா இருக்கு, போய்ச் சேர்ந்தா சரி" என்று கிண்டல் செய்வேன். அவள் அம்மாதான், "குழந்தை சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்களேன்" என்று என்னை அடக்குவாள்.

அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு நான் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. இந்த மழையில் மாடிக் குழாய் விரிசல் விட்டு, சுவரெல்லாம் ஊறி, பூச்சு உப்பி உரிந்து விழுந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "மூணு ரூமும் அடிச்சிடலாம்பா. கலரை என்கிட்ட விட்டுடுங்க. நீங்க தனியா இருக்கற வீடு, மனசுக்கு இதமா இருக்கணும்." அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்க மழையா. எல்லாவற்றுக்கும் ஒரு 'ம்' போதும். நானும் அதையே திருப்பிக் கேட்பேன், அவளும் 'ம்' என்பாள். "வெச்சிடட்டுமாப்பா" என்று அவள் கேட்கும்போது இரண்டு பேருக்குமே ஒரு நிம்மதி. வைத்த பிறகு எனக்கு அந்த நிம்மதி தங்காது.

இப்போது தினமும் கூப்பிடுகிறாள். கூப்பிட்டு, எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கிறாள். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள், மருந்துக்கடைக்காரர் உட்பட. எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க ஒருத்தரும் இல்லை. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவுமாம். நான் சுவருக்குச் சுவர் தாவினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட மனசு வரவில்லை.

பெயிண்டருக்கு நான் வைத்த பெயர் தாடி. அந்தத் தாடியில் எந்நேரமும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, அவர் சுவரைத் தயாராக வைத்துவிட்டார். ரோலரை எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் தினமும் வந்து ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, ஒரே ஒரு திட்டு அடித்துவிட்டு, நான் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வேறு வீட்டு வேலைக்கு ஓட வேண்டியிருந்தது.

"சார், இது சுவரா, கந்தல் சட்டையா? ஊருப்பட்ட ஒட்டு போட்டு வெச்சிருக்கோம்," என்றார். "பார்க்கறவங்க சுவருக்குச் சொறி பிடிச்சிருக்குன்னு சொல்லப் போறாங்க."

"பார்க்கறதுக்கு யாரு வரப்போறா?"

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு டப்பாவை மூடினார்.

நீலம் வந்தபோது, பார்த்தாலே போர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது என்றேன். இளஞ்சிவப்பு வந்தபோது, யாரோ போட்டோ எடுக்க நம்மை நிற்க வைத்துச் சிரி சிரி என்கிற மாதிரி இருக்கிறது என்றேன். ஆரஞ்சை, பக்கத்து வீட்டுக்காரன் டிவி சத்தம் மாதிரி என்றேன். அதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் நான் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும், நாளைக்கு வரப்போகிற நிறத்தை என்ன குறை சொல்லலாம் என்பதே யோசனை. எந்த மாமியாரும் மருமகளின் சமையலில் இவ்வளவு குற்றம் கண்டுபிடித்திருக்கமாட்டாள்.

ஆனால் பொய்யில் ஒரு தொல்லை உண்டு. சொல்லிக்கொண்டே போனால் நடுவில் உண்மை தவறி விழுந்துவிடும். படுக்கையறையில் லேசான ஊதா அடித்திருந்தோம். வாடின பூ மாதிரி இருக்கிறது என்று சொல்வதற்குத் தயாராக இருந்தேன். சாயங்கால வெளிச்சம் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன தோணுதுப்பா?"

"தூக்கத்துல முழிப்பு வந்தா, என் கை பக்கத்துல போய்த் தேடுதும்மா. அந்த நேரம் மாதிரி இருக்கு இந்தக் கலர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. போன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். என் சுவர்தான் தெரிந்தது. இத்தனை நாளும் நாங்கள் பேசியது இந்தச் சுவரைப் பார்த்துத்தான். அவள் பக்கத்துக் கேமராவை மூடிவைத்திருப்பாள், இரண்டும் ஓடினால் படம் விட்டு விட்டு வருமாம்.

"கை போகும்தான்," என்றாள் கடைசியில், மெதுவாக. "அப்ப ஊதா வேணாம்பா. நாளைக்கு வேற பார்க்கலாம்."

மறுநாள் தாடி கொஞ்சம் கோபத்தோடுதான் வந்தார். "சின்னதா அடிச்சா உங்களுக்குப் புரிய மாட்டேங்குது சார்" என்று சொல்லி, கூடத்தில் ஒரு கதவு அளவுக்கு, மேலிருந்து தரைவரை வெண்ணெய் நிறத்தை அடித்து முடித்தார். அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மகள் கூப்பிட்டாள். நான் வழக்கம்போலத் தாளைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சோகமா இருக்கேம்மா" என்று ஆரம்பித்தேன். தாடிக்குப் பொறுக்கவில்லை. ஈரக் கையோடு வந்து போனுக்கு நேரே குனிந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கப்பா போன வாரமே இந்த வெண்ணெய்க் கலரை அட்டையில பார்த்துட்டு, அருமையா இருக்குன்னாரு. பச்சையும் நல்லாருக்குன்னாரு. நீலத்தைத் தடவித் தடவிப் பார்த்தாரு. நீங்க போன்ல கேட்டா மட்டும் அவருக்கு எதுவும் பிடிக்கறதில்ல."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

"இல்லண்ணே," என்றது என் மகள் குரல். "அப்பா மேல தப்பில்ல. நான்தான் முடிவு பண்ணாம இழுத்துட்டு இருக்கேன். நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க."

தாடி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரஷ்ஷைத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிட்டு வெளியே போனார்.

என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல பிள்ளை, அம்மாவைப் போல. பிறகுதான் யோசித்தேன். ஒரு முழு ஆஸ்பத்திரிக்கே ஒரே மத்தியானத்தில் நிறம் சொல்லிவிட்டு வருகிறவள் அவள். மூன்று அறைகளுக்கு ஏன் இத்தனை நாள்? டிவி சத்தம் மாதிரி இருக்கிறது என்றால் சரி என்றாள், போட்டோ மாதிரி இருக்கிறது என்றாலும் சரி என்றாள். இதையே படித்தவள் என் உளறலுக்கு ஏன் தலையாட்ட வேண்டும்? நான் ஒரு முனையில் இழுத்தது உண்மைதான். மறுமுனையிலும் ஒருத்தர் பிடித்து இழுக்காமல் கயிறு இவ்வளவு விறைப்பாக நிற்காது.

"பாப்பா, உன் ரூம் என்ன கலர்?"

"எந்த ரூம்பா?"

"இப்ப நீ இருக்கற ரூம்."

"வெள்ளைதான். வாடகை வீட்டுல வேற என்ன இருக்கும்."

"காட்டேன்."

"அதுல பார்க்க என்னப்பா இருக்கு?"

"எனக்குப் பார்க்கணும்மா."

என் சுவர் சின்னதாகித் திரையின் ஓரத்துக்குப் போக, அவள் சுவர் வந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது, பழுத்துப்போன வெள்ளை. அதன் நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இடம் மட்டும் புதிதாகப் பளிச்சென்று இருந்தது. அதைச் சுற்றித் தூசி கோடு கட்டியிருந்தது. ஏதோ பெரிய சாமான் வருஷக்கணக்கில் நின்றிருந்த இடம்.

"அங்க என்னம்மா இருந்துச்சு?"

"அவரோட அலமாரி."

மாப்பிள்ளையின் அலமாரியை எதற்கு எடுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். வேறு அறைக்கு நகர்த்தியிருந்தால் அதை அவளே சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை வீட்டை விட்டே போயிருக்கிறார்.

"எப்போம்மா?"

"உங்க வீட்டுச் சுவர் ஊறினதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான்பா தினமும் கூப்பிட்டேன். எடுத்த உடனே நீங்க கலரைப் பத்தி ஆரம்பிச்சிடுவீங்க. எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

அவள் சொல்ல வந்த நாளெல்லாம் நான் சுவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவளைச் சிரிக்க வைத்ததாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தால் தலையிலாவது கை வைத்திருப்பேன்.

திரையில் அந்தப் பளிச்சென்ற இடத்தின் மேல் அவள் நிழல் விழுந்திருந்தது. கேமராவை அவள் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. நிழல் மெல்லக் கீழே இறங்கிற்று. படமும் கூடவே இறங்கி, தரையோரமாக ஒரு பிளக் பாயிண்டும் அறுந்த வயர்த்துண்டும் தெரிகிற இடத்தில் வந்து நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. அழுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. நானும் சுவரில் முதுகைச் சாய்த்து, அப்படியே சறுக்கி, தாடி விரித்திருந்த பழைய செய்தித்தாள்களின் மேல் உட்கார்ந்தேன். பெயிண்ட் இன்னும் காயவில்லை என்பது சட்டை ஈரமாகி முதுகில் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. நகரவில்லை. திரையில் அந்த பிளக் பாயிண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.