மழைப் புள்ளிகள்

வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் ஷாமளாவைக் கொதிக்க வைத்தது. மலேசியாவின் ஸ்கூடாய் நகரில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துத் திரையில், ஜொகூரின் கிழக்குக் கடலில் செயற்கைக்கோள் அளந்த காற்றின் வேகமும், அதே கடலில் நங்கூரமிட்டு நின்ற மிதவை அளந்த வேகமும் ஒன்றோடொன்று இணங்கி நின்றன. புள்ளிகள் யாவும் நடுக்கோட்டை ஒட்டி அணிவகுப்புச் சிப்பாய்களாய் விறைத்திருந்தன. வரிசைக்கு அடங்காத புள்ளிகளை முன்பே வெளியேற்றியவள் அவள்தான்.

அது களவு அன்று, தொழில் வழக்கம். செயற்கைக்கோள் காற்றைக் காண்பதில்லை. கடலின்மேல் ரேடார் அலையை வீசி, காற்று எழுப்பும் சிற்றலைகளில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. மழை கொட்டினால் அந்தக் கணிப்புக் குலைகிறது. துளிகள் நீர்ப்பரப்பைக் கலைக்கின்றன. வானில் இறங்கும் மழையோ ரேடார் அலையையே விழுங்குகிறது. ஆகவே மழைநேர அளவுகளை ஒதுக்கிவிட்டு எஞ்சியதை ஒப்பிடுவார்கள். ஷாமளா அப்படித்தான் கற்றாள், அப்படித்தான் செய்தாள். மாசாயில் அண்ணன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகும்வரை அதில் ஒரு பிழையும் அவளுக்குத் தென்படவில்லை.

அண்ணன் லோகேஸ்வரன் பாசிர் கூடாங் துறைமுகத்தில் படகு ஓட்டுகிறவன். வெளிக்கடலில் நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும், வேலை முடிந்தவர்களை ஏற்றி வருவதும் அவன் தொழில். மீன் கறியைச் சோற்றில் பிசைந்தபடி அவன் ஒரு புதிய விதியைச் சொன்னான். அவனுடைய கம்பெனி, படகுத்துறையில் விளக்குப் பலகை ஒன்று நிறுத்தப் போகிறது. செயற்கைக்கோள் காற்று குறைவு என்று சொன்னால் பச்சை எரியும். பச்சை எரிந்தால் படகு புறப்பட்டாக வேண்டும், மறுப்பவன்மேல் நடவடிக்கை. கடலைப் பார்த்து, ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இதுநாள்வரை ஓட்டுகிறவன் கையில் இருந்தது. அதைத்தான் இனிப் பிடுங்கப் போகிறார்கள்.

“சேட்டலைட் ரொம்ப கரெக்ட்டுன்னு யுனிவர்சிட்டியில சர்டிபிகேட் கொடுக்கிறாங்களாம் லா. எந்தப் புண்ணியவான்னு தெரிஞ்சா மாலை வாங்கிட்டுப் போலாம்.”

“நான்தாண்ணே,” என்றாள் ஷாமளா.

லோகேஸ்வரன் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. “அப்ப இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்க,” என்றான். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. கேட்காததுதான் சுட்டது.

வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கடலில் படகைப் புரட்டும் காற்று மழையோடுதான் பெரும்பாலும் வருகிறது. மழையை நீக்கினால் ஆபத்தையே நீக்கியதாகும். எங்கிருந்து? கடலிலிருந்தா? இல்லை, காகிதத்திலிருந்து! வெயில் நாளில் உண்மை பேசி, புயல் நாளில் வாய் குழறும் சாட்சிக்கு நற்சான்று எழுதி, அதை நம்பி மனிதர்களைக் கடலில் இறக்குவது எந்த ஊர் அறிவியல்?

மறுநாள் அவள், தான் ஒதுக்கியிருந்த புள்ளிகளையெல்லாம் திரும்பச் சேர்த்தாள். அணிவகுப்பு சிதறியது. மிதவை பலத்த காற்று என்று பதிந்திருந்த சில மழைவேளைகளில், செயற்கைக்கோள் மெல்லிய காற்று என்றே சொல்லியிருந்தது. பச்சை எரிவதற்குப் போதுமான அளவு மெல்லிய காற்று.

திட்டத்தின் தலைவர் பேராசிரியர் திருச்செல்வம் கெட்டவர் அல்லர். அவள் காட்டிய எதையும் அவர் மறுக்கவில்லை. எதையும் மாற்றவும் இல்லை. மழை பற்றிய குறிப்பு அறிக்கையின் கடைசியில் இருக்கிறது, விரும்புகிறவர்கள் படிக்கட்டும் என்றார். முதல் பக்கத்தில் போடுங்கள் என்று அவள் கேட்டதற்கு, கம்பெனி கேட்பது ஒரே ஓர் எண் என்றார்.

“உலகமே இப்படித்தாம்மா செய்யுது.”

“செய்யட்டும், புரொஃப். அதை வச்சு அவங்க யாரையும் போட்ல ஏத்தல. நாம ஏத்துறோம்.”

அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஆண்டு இது என்பதை அவர் மெல்ல நினைவூட்டினார். ஷாமளா தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அறிக்கையை விளக்கும் கூட்டம் கம்பெனிக் கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் மேலாளர் உபைத். பின்வரிசைகளில் படகு ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு நடுவே லோகேஸ்வரன். ஷாமளா முதலில் அழகான படத்தைக் காட்டினாள். அடுத்து, பேராசிரியர் அறியாமல் சேர்த்திருந்த சிதறிய படத்தைக் காட்டி, இரண்டுக்கும் இடையில் இருப்பது மழை என்று விளக்கினாள். பின்வரிசைக் கைப்பேசிகள் உயர்ந்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டன.

உபைத் சிரித்தபடியே கேட்டார். “பின்னால இருக்கிற லோகேஸ்வரன் உங்க அண்ணன்தானே, மிஸ் ஷாமளா? அண்ணனுக்கு லீவு வாங்கிக் கொடுக்க வந்தீங்களோ?”

முன்வரிசை சிரித்தது.

“அண்ணன்தான் சார். அவரு பொறக்காம இருந்தாலும் அந்தப் புள்ளிங்க அங்கதான் இருக்கும்,” என்றாள். “மழையில இது தோத்துப்போச்சு. தோத்ததை ஜெயிச்சுதுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மழை பெஞ்சா விளக்கை அணைச்சிடுவோம்னு சொல்லுங்க, இப்பவே போடுறேன்.”

“அணைச்சிட்டா, போறதா வேணாமான்னு யாரு முடிவு பண்றது?”

“இதுவரைக்கும் யாரு பண்ணாங்களோ, அவங்க.”

இப்போது முன்வரிசை சிரிக்கவில்லை. உபைத் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தேநீர் தயாராக இருப்பதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

அவள் போடாத கையெழுத்தைப் பேராசிரியர் போட்டார். ஷாமளாவைத் திட்டத்திலிருந்து விலக்கினார்கள். படகுத்துறையில் விளக்குப் பலகை எழுந்தது. வெயில் நாட்களில் பச்சை எரிந்தது. படகுகளும் போய் வந்தன. குற்றம் சொல்ல யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அவள் பயந்தது வீண் என்று ஆய்வுக்கூடத்திலேயே சிலர் பேசிக்கொண்டார்கள்.

டிசம்பரில் ஒரு காலை, கடலை மறைத்துக்கொண்டு மழை இறங்கியது. ஷாமளாவின் கைப்பேசி ஒலித்தது. உபைத் பேசினார். பச்சை எரிகிறதாம், கப்பலில் ஆட்கள் காத்திருக்கிறார்களாம், ஆனால் ஒரு படகின் கயிறும் அவிழவில்லையாம். அவள் அண்ணன் மட்டுமன்று, கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த அத்தனை பேரும் கைப்பேசியில் அவள் காட்டிய சிதறிய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூரைக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

“எத்தனை பேரு மேல நான் நடவடிக்கை எடுக்கிறது? அந்தப் படம் சும்மா பழைய கணக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுறேன்.”

“போடுங்க சார்,” என்றாள் ஷாமளா.

மறுமுனையில் மழையின் இரைச்சல் பெருகியது. அதற்குள் ஆட்களின் பேச்சொலி கேட்டு, பிறகு அடங்கியது. அவர்கள் காது கொடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

“அந்தப் படம் சரியானது,” என்றாள், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி. “மழையில அந்தப் பச்சையை நம்பாதீங்க. விளக்கை அணைங்க, உபைத் சார்.”

 உபைத் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஷாமளா போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவர் விளக்கை அணைக்கட்டும் என்று நின்றாள்.