வலித்தால் கையைத் தூக்குங்கள்

காஷிவாஸாகி ஊரில் பல் டாக்டர் இகராஷியின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுக்காதவர்கள் குறைவு. படுத்த அத்தனை பேரும் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "வலிச்சா கையைத் தூக்குங்க." அதைச் சொல்லும்போது மட்டும் டாக்டரின் குரலில் தேன் ஒழுகும். பாவம், நம்பித் தூக்குவார்கள். "அவ்வளவுதான், அவ்வளவுதான், இதோ முடிஞ்சிடுச்சு" என்பார். பல்லைத் துளைக்கும் மிஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்காக அவரைத் தனியாகத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்: நோயாளியின் கைக்கு ஒரு வேலை கொடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நம் கையை வந்து பிடித்துவிடும். இகராஷி நல்ல மாணவர். சொன்னதை மறக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குப் போன இலையுதிர் காலத்தில் வலது தோள் பூட்டிக்கொண்டது. மார்புக்கு மேலே கை எழும்ப மறுத்தது. சட்டை மாட்டிவிட மனைவி மிட்சுயோ வர வேண்டியிருந்தது. கூரையில் பனி ஏறி நின்றது, அதைத் தள்ளப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அதெல்லாம் போகட்டும், மேல்வாய்ப் பல்லைத் தொட முடியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கீழ்வாயை மட்டும் பார்த்து அனுப்பினால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

எலும்பு டாக்டர் தோளுக்குள்ளேயே மருந்தை இறக்கலாம் என்று ஓர் ஊசியை எடுத்துக் காட்டினார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்த இகராஷி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. விஷயம் இதுதான்: ஊரார் ஈறுகளில் எல்லாம் ஊசி ஏற்றிய மனிதருக்குத் தன் மேல் ஓர் ஊசி வருகிறது என்றால் குலை நடுங்கும். இது மிட்சுயோ ஒருத்திக்குத்தான் தெரியும். கிளினிக் வரவேற்பு மேஜையில் உட்கார்பவளும் அவள்தான் என்பதால் ரகசியம் வெளியே போகவில்லை.

"ஏங்க, பனி கரையறதுக்குள்ள கை மேல வரலைன்னா கிளினிக்கைப் பூட்டிடலாம்" என்றாள் ஒருநாள், மிசோ சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு.

"பூட்டிட்டு? உன்கூட உக்காந்து டிவி பாக்கறதா?"

"அந்தக் கொடுமை எனக்கு மட்டும் வேணுமா? அதுக்குத்தான் சொல்றேன். நாகஓகாவுல நெமோதோன்னு ஒரு அம்மா ஊசி வைத்தியம் பண்றாங்களாம். வலியே தெரியாதாம்."

"வலிக்காத ஊசின்னு உலகத்துல எதுவும் கிடையாது மிட்சுயோ. அது நான் தெனம் சொல்ற பொய்."

ஆனாலும் போனார். பூட்டுப் போட்ட கிளினிக்கை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று முகக்கவசம், காதுவரை தொப்பி, ரயிலில் கடைசிப் பெட்டி.

நெமோதோ அம்மாள் ஐம்பதைத் தாண்டியவள். பக்கத்து அறையில் கெட்டில் கொதிக்கும் சத்தத்தை விட மெதுவாகப் பேசினாள். மெத்தையில் படுக்க வைத்து, கண் மேல் வெதுவெதுப்பான துண்டைப் போட்டாள். இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்து, ஏதோ தூரத்துச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது மாதிரி வெகுநேரம் இருந்தாள். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு வயிறு ரொம்ப இறுகிக் கெடக்குதே. எதையோ நெனச்சு பயப்படறீங்களா?"

"பயமா? எனக்கா?" என்றார் இகராஷி. துண்டுக்கு அடியில் கண்களை இறுக மூடியிருந்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கைவேலை." அது பொய்யில்லைதானே.

"சரி. இடது கையை மட்டும் அசைக்காம வச்சுக்கோங்க. வலிச்சாலோ சுட்டாலோ கையைத் தூக்குங்க."

அந்த வாக்கியத்தின் அர்த்தம் இகராஷிக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தமாட்டேன் என்று அர்த்தம். சரி, வந்தாயிற்று, தொழில்காரன் தொழில்காரியிடம் மாட்டிக்கொண்டாயிற்று, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போம் என்று தீர்மானித்தார். பல்லைக் கடிக்காதீர்கள், தேய்ந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர்தான்.

டொக், டொக் என்று எங்கோ மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. கருவிகளை எடுத்து வைக்கிறாள் போலிருக்கிறது. முழங்கைப் பக்கம் ஓர் ஈ வந்து உட்கார்ந்து எழுந்தது. குளிர்காலத்தில் ஏது ஈ என்று நினைத்தார். கழுத்தில் விரல் பட்டது, தோளில் பட்டது. மறுபடி டொக், டொக். ஊசி இப்போது வரும், இதோ வரும் என்று காத்துக் காத்து அவருக்கு அலுத்தேபோனது. பயப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. கொஞ்ச நேரத்தில் குறட்டை விடும் பதத்துக்கு வந்துவிட்டார்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார், தூக்கக் கலக்கத்தில்.

"எதை?"

"ஊசியை."

"முக்கால்வாசி முடிஞ்சாச்சு. டொக் டொக்குனு கேட்டுதே, அதுதான் ஊசி. இடது கையில ரெண்டு நிக்குது. மத்ததெல்லாம் தோலைத் தொட்டுட்டு வர்றதுதான், உள்ளயே போகாது. இனி கால்ல சூடு மட்டும்தான் பாக்கி."

இகராஷிக்கு எரிச்சல் வந்தது. இத்தனை நாள் பயந்தது எல்லாம் வீண்தானா? இடது கையில் ஊசி நிற்கிறது என்று கேட்டதும் வியர்த்தது வேறு.

"தோள்ல வலின்னா கால்ல எதுக்கு?"

"தோளைக் கேட்டா சொல்லாது. கால் சொல்லும்" என்று சிரித்தாள்.

காய்ந்த மாசிபத்திரி இலைப் பஞ்சை அரிசியளவு உருட்டி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒட்டி, ஊதுவத்தி நுனியால் பற்ற வைத்தாள். முதலில் இதமாகத்தான் இருந்தது. பிறகு சுட்டது. பிறகு நன்றாகவே சுட்டது. தூக்கலாமா? தூக்கி என்ன ஆகப் போகிறது? 'இதோ முடிஞ்சிடுச்சு' என்பாள், அவ்வளவுதான். எத்தனை ஆயிரம் கைகளை அவர் பார்த்திருக்கிறார். அந்த வரிசையில் தன் கையும் நிற்பதா என்று மானம் தடுத்தது. பொறுத்தார். சூடு எலும்பைத் தொட்டது. அவரைக் கேட்காமலே ஒரு கை எழுந்துவிட்டது.

அடுத்த நொடி சூடு இல்லை. நெமோதோ அம்மாள் அதை விரலால் கிள்ளி எடுத்துவிட்டிருந்தாள்.

"ஏன் எடுத்துட்டீங்க?" என்று கேட்டார் இகராஷி. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"கையைத் தூக்கினீங்களே."

"தூக்கினா நிறுத்திடுவீங்களா?"

"பின்ன எதுக்குத் தூக்கச் சொன்னேன்?" அவள் காலைக் குனிந்து பார்த்தாள். "ஐயையோ, செவந்து போச்சு. ஏங்க, மொதல்லயே தூக்கியிருக்கலாம்ல? சின்னப் பிள்ளைங்க கூட டக்குனு தூக்கிடும்."

இகராஷிக்கு அவமானமாக இருந்தது. யாரிடம் அவமானம் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

"அது கெடக்கட்டும்" என்றாள் அவள். "தூக்கினது எந்தக் கைன்னு பாத்தீங்களா?"

துண்டு நழுவியிருந்தது. காதுக்கு மேலே, விளக்குக்கு நேராக, வலது கை நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் தோள் வலிக்கவே ஆரம்பித்தது.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் போனார். தொப்பி மட்டும் குறைந்தது. கூரைப் பனி சொட்டத் தொடங்கியபோது தானே சட்டை மாட்டிக்கொண்டார். மிட்சுயோ வாசல் பலகையைத் துடைத்து, எல்லோருக்கும் போன் செய்து, டாக்டர் கை சரியாகிவிட்டது, மேல்வாயும் பார்ப்பார் என்று அறிவித்தாள்.

முதலில் வந்தவர் குபோதெரா. தபால் அலுவலகத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மிஷின் சத்தம் கேட்டாலே கையைத் தூக்குகிற ஆள். வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது.

"வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார் இகராஷி. வாய் பழகிய பழக்கம். மிஷின் பல்லைத் தொட்டது, குபோதெராவின் கை எழுந்தது.

மிஷின் நின்றது.

குபோதெரா ஒரு கண்ணைத் திறந்தார். இன்னொன்றையும் திறந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன டாக்டர்? உள்ள ஏதாவது பெரிசா இருக்கா? மறைக்காம சொல்லிடுங்க."

"ஒண்ணுமில்ல. கையைத் தூக்கினீங்க, நிறுத்தினேன்."

"நான் எப்பவும் தூக்குவேனே."

"ஆமா. இப்ப வலிக்குதா?"

குபோதெரா யோசித்தார். இந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்பட்டதே இல்லை போலும்.

"இப்ப வலிக்கல" என்றார் கடைசியில், ஏதோ தன் மேல்தான் தப்பு என்பது மாதிரி. "அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினீங்களே, அன்னிக்குத்தான் ரொம்ப வலிச்சுது. அன்னிக்கு நான் ரெண்டு கையையும் தூக்கினேன் டாக்டர்."

இகராஷிக்கு ஞாபகம் இருந்தது. சரணடைகிற சிப்பாய் மாதிரி இருக்கிறார் என்று அன்றிரவு மிட்சுயோவிடம் சொல்லிச் சிரித்திருந்தார்.

"பாத்தேன்" என்றார் மெதுவாக.

மிட்சுயோ கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள். "கை சரியாப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். கை சரியில்லாதப்பவே இதைவிட சீக்கிரம் முடிப்பீங்களே, இன்னிக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?"

இகராஷி மறுபடி மிஷினை எடுத்தார். தொடுவதற்குள் குபோதெராவின் கை எழுந்தது. இந்தத் தடவை வலியில் இல்லை, நிற்குமா என்று பார்க்கத்தான். டாக்டர் நிறுத்தினார். கிழவர் கையை இறக்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் தூக்கினார்.