ஒன்பதாம் குழிக்குப் பின்னால் வளர்ந்த புல்

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தின் ஒன்பதாம் குழிக்குப் பின்னால், பைன் மரங்களுக்கு நடுவே எங்கள் ஆட்களின் கல்லறைகள் இருக்கின்றன. மைதானம் வந்தது பிற்பாடு. பருத்தி எடுத்தே முதுகு வளைந்த எங்கள் முன்னோர்களும், என் அண்ணன் ரூபனும் அங்கேதான் கிடக்கிறார்கள்.

அந்த வசந்தத்தில் மைதான மேலாளர் ஹாலிஸ் மாவட்ட அலுவலகத்தில் மனுப் போட்டார். அந்த இடத்தைக் கவனிக்க நாதியில்லை, கல்லறைகளைப் பொது மயானத்துக்கு மாற்றிவிட்டு நிலத்தைத் தங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று. சனிக்கிழமை மதியம் அதிகாரி பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"நாதியில்லையாமா?" என்றார் அண்ணி. ரூபனின் மனைவி வெர்னெல், பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. "வண்டிய எடு, லூஷியஸ்."

மழையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. புல்வெட்டும் மெஷினையும் கருவிப் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போனோம். பாதைக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. அண்ணி பூட்டைத் தொடக்கூட இல்லை. மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன், வேலிக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினோம்.

கயிற்றை இழுத்தேன். இருமியது. தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தும் இருமல்தான். இலையுதிர் காலத்தில் பெட்ரோலை வடிக்காமல் கொட்டகையில் தள்ளிவிட்டுப் போனது நான்தான். டேங்க் மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் வாடை அடித்தது.

அப்போது பச்சைப் புல்லில் ஓசையில்லாமல் ஒரு சின்ன பாட்டரி வண்டி வந்து நின்றது. ஹாலிஸ்.

"எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? நம்ம பசங்க வந்தா பத்து நிமிஷத்துல வெட்டிடுவாங்க. இனிமே நாங்களே பாத்துக்கறோம்னு ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"இங்க படுத்திருக்கற எங்கம்மா உசிரோட இருந்தப்ப அவங்க தலைய வாரிவிட நீ வந்தியா? இப்ப மட்டும் என்ன அக்கறை? போப்பா, உன் பந்து உருண்டு ஓடுது பாரு."

ஹாலிஸ் சிரிக்கவில்லை. போகவும் இல்லை.

அண்ணி முதலில் ஸ்பார்க் பிளக்கிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டார். கெட்ட பெட்ரோலைக் கேனில் வடித்தோம். கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பிசின் பிடித்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, அடைத்திருந்த துளையை மெல்லிய கம்பியால் குத்தி ஊதினார். கரி படிந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டார். தாராக இருந்த ஆயிலை மாற்றினார்.

"பிளேடுல புல்லு சுத்தியிருக்கும், சாய்ச்சுப் பிடி."

சாய்த்தேன். சுரண்டி முடித்தோம். வயரை மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்ததும் மெஷின் உயிர் பெற்றது. கூடவே வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி எங்களை மூடியது. மெஷின் நின்றுபோனது.

"செத்துப்போச்சு," என்றார் ஹாலிஸ்.

"அட மடையா!" அண்ணி திட்டியது என்னை. "கார்பரேட்டர் கீழ வர்ற மாதிரியா சாய்ப்ப? ஆயிலு பூரா ஃபில்டருக்குள்ள போயிருக்கும்."

போயிருந்தது. அந்தப் பஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, தன் ஏப்ரனில் சுருட்டி இறுக்கிப் பிழிந்து, வெயிலில் ரூபனின் கல்லறைக் கல்லின்மேல் காய வைத்தார். "ரூபன், கொஞ்சம் பாத்துக்க," என்றார் கல்லைப் பார்த்து. காயும்வரை வேகவைத்த கடலையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஹாலிஸ் வண்டியிலேயே காத்திருந்தார்.

அடுத்த முறை இழுத்தபோது கொஞ்சம் புகைந்தது, பிறகு சீராக உறுமத் தொடங்கியது. அண்ணி என்னைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் குழியில் வெள்ளைத் தொப்பிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹாலிஸ் ஓடிவந்து கத்தினார். "போட்டி நடக்குதும்மா! ஒரு மணி நேரம் நிறுத்துங்க!"

"எங்க ஜனங்க இத்தனை வருஷமா உங்க சத்தத்தக் கேட்டுக்கிட்டுதானே படுத்திருக்காங்க? இன்னைக்கு நீங்க கேளுங்க!"

ஹாலிஸ் வழியை மறித்து நின்றார். அண்ணி வேகத்தைக் குறைக்கவில்லை. கடைசி நொடியில் ஹாலிஸ்தான் விலகினார். அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் பச்சைப் புல் தெறித்தது.

மதியம் அதிகாரி வந்தபோது பாதிக்குமேல் வெட்டியாகிவிட்டது. அவர் படம் எடுத்தார். பூட்டியிருந்த கதவையும் படம் எடுத்து, "இதப் பூட்டினது யாரு?" என்று கேட்டார். ஹாலிஸ் தொண்டையைக் கனைத்தார். நான் பெருமையோடு அண்ணியைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, மீதிப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்.

மனு தள்ளுபடியானது. அடுத்த வருஷம் மறுபடியும் போடப் போகிறார்கள் என்று கேள்வி. அண்ணியிடம் சொன்னேன்.

"போடட்டும்," என்றார். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவைதான் வெட்டுவோம். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும், சரியாக அவர்கள் முதல் பந்தை அடிக்கும் நேரத்துக்கு, அண்ணி கயிற்றை இழுக்கிறார்.