சாட்சி வில்லை

செய்தி வந்த அன்று காலை கிடங்கில் யாருக்கும் வேலை ஓடவில்லை. செவ்வாய் கிரகத்தில் இறங்கியிருந்த வண்டி ஒரு முழ ஆழம் மண்ணைத் துளைத்து அடியிலிருந்த பனிக்கட்டியைத் தொட்டுவிட்டது. உருக்கிப் பார்த்தால் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் துளியிலும் துளியாக ஒரு கொழுப்பு. அந்த வகைக் கொழுப்பை உயிருள்ளவைதான் உண்டாக்கும் என்று மாடியில் இருந்த விஞ்ஞானிகள் சொன்னார்கள். சொன்ன கையோடு, இங்கிருந்தே ஒட்டிக்கொண்டு போனதாகவும் இருக்கலாம் என்றார்கள்.

"அதாவது அக்கா, அங்கேயே குடியிருக்கற கிருமியா, இல்ல இங்கேருந்து டிக்கெட் எடுக்காம போன கிருமியா, அதான் கேள்வி," என்றான் ரேடியோ. மூன்றாம் மாடிச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். "அதுக்கு உங்ககிட்டதான் வந்தாகணும். ஐஸ் வைக்கலாம்னா, நீங்களே ஐஸ் அக்கா."

குளிர்பெட்டிகளுக்குப் பொறுப்பாளர் என்பதால் அவளுக்கு அப்படி ஒரு பெயர். வழக்கமாக ஏதாவது திருப்பிக் கொடுப்பாள். அன்று குளிர்பெட்டியின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள்.

வண்டியைப் பாகம் பாகமாகப் பூட்டிச் சேர்த்த கூடத்தில், ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் நாணயம் அளவில் ஓர் எஃகு வில்லையை வைத்திருந்தார்கள். பாகத்தின் மேல் என்ன தூசி விழுகிறதோ அதே தூசி வில்லையிலும் விழும். வண்டி மேலே போன பிறகு வில்லைகள் குப்பிகளில் அடைபட்டு அவள் கைக்கு வந்தன. மொத்தம் இருபத்து நாலு, சின்னப் பெட்டிக்கு நாலாக. ஆறு வருடமாக மைனஸ் எண்பது டிகிரியில் கிடக்கின்றன. சாட்சி வில்லை என்று பெயர். ஒரு தடவைதான் சாட்சி சொல்லும். மேலிருக்கும் தூசியைச் சோதனைக்காகக் கழுவி எடுத்துவிட்டால் அதோடு சரி.

மத்தியானம் சீட்டு வந்தது. 'வில்லை எண் 14, துளைப்பான் கை. நாளை காலை பத்து மணிக்குத் தேவை.' ஐஸ் அக்கா இரண்டு முறை படித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

நாலு வருடத்துக்கு முன்பு, உறைபனி துடைப்பதற்காக நாலாவது பெட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். குளிரில் பசை விட்டுப்போய், நாலு லேபிள்களும் பெட்டிக்கு அடியில் உதிர்ந்து கிடந்தன. 13 கேமரா, 14 துளைப்பான், 15 ஆன்டெனா, 16 சக்கரம். குப்பிகள் நாலும் அச்சு அசல் ஒன்றுபோல் இருந்தன. வரிசை குலையவில்லை. இடமிருந்து வலமாக எண்ணி ஒட்டினாள். ஒட்டி முடித்த பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது. பெட்டிக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி. மேசையில் வைக்கும்போது திருப்பி வைத்திருந்தால்? அப்படியானால் பதினான்கு என்று ஒட்டியது பதினைந்து, பதினைந்து என்று ஒட்டியது பதினான்கு. அந்த வாரம் அவளுக்கு வேலை நிரந்தரமாவதற்கான நேர்காணல். பதிவேட்டில் எழுதவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுநர். காலை ஷிப்டு முடிந்து, பனியனோடு உட்கார்ந்து சீருடைச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு லேபிள்தானே?"

"நாலுதான்."

"இத்தன வருஷத்துல யாராவது கேட்டாங்களா?"

"இன்னிக்குக் கேட்டுட்டாங்களே."

"நானா இருந்தா வாயத் தொறக்க மாட்டேன். ஒருநாள் மறதியா பழைய ரூட்ல வண்டிய விட்டேன். பாதிப் பேருக்குத் தெரியவே இல்ல."

"மீதிப் பேரு?"

"இறங்கி நடந்தாங்க. போற வழியில என் பரம்பரையே நாறிப்போச்சு." அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வேலைக்கு வேட்டு வச்சிருவாங்களா?"

"தெரியல."

"சொல்லாம இருந்தா?"

"நான் ஒட்டின நம்பர நம்பி உலகத்துக்கே சொல்லுவாங்க."

"அப்ப என்னை எதுக்குடி கேக்கற? போய்ச் சொல்லு," என்று சட்டையை உதறினார்.

மறுநாள் ஒன்பதரைக்குப் பெரிய மேடத்தின் அறைக்குப் போனாள். இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரு வண்டிக்காகவே உழைத்தவர் அவர். முழுவதையும் கேட்டார்.

"ஏன் எழுதி வைக்கல?"

"பயம் மேடம்."

"எனக்கும் இப்ப அதுதான்," என்றார் மேடம். பிறகு நாலு வில்லையையும் கழுவச் சொன்னார். நாலும் சுத்தமாக இருந்தால் லேபிளைப் பற்றிக் கவலையே இல்லை.

சோதனை ஒன்பது நாள் நடந்தது. அந்த ஒன்பது நாளும் ரேடியோ அவளிடம் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அதிலிருந்தே அவளுக்கு ஓரளவு புரிந்துவிட்டது. மூன்று வில்லைகள் சுத்தம். ஒன்றில் அதே கொழுப்பு இருந்தது. அது பதினைந்து என்று லேபிள் ஒட்டிய வில்லை.

கூட்ட அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"லேபிள் சரியா இருந்தா அழுக்கு ஆன்டெனாவுல இருந்தது," என்றார் மேடம். "ஆன்டெனா மண்ணத் தொடல. துளைப்பான் சுத்தம். அப்ப அந்தக் கொழுப்பு அந்த ஊரோடதுதான். லேபிள் மாறியிருந்தா அழுக்கு துளைப்பான்ல. கூடத்துல யாரோ தும்மினதைத்தான் நாம அங்க போய்க் கண்டுபிடிச்சிருக்கோம்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"பெட்டிய எப்படி வச்சீங்க? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசிக்காமல் வரவில்லை. முந்தின நாள் கிடங்கில் ஒரு காலிப் பெட்டியின் இடது முனையில் சாக்பீஸால் கோடு போட்டுக் குளிர்பெட்டித் தட்டில் வைத்து, கண்ணை மூடி எடுத்துக்கொண்டு திரும்பி மேசையில் வைத்துப் பார்த்திருந்தாள். இருபது முறை. கோடு பதினொரு முறை இடது பக்கம் வந்தது, ஒன்பது முறை வலது பக்கம். அதையும் சொன்னாள்.

"பதினொண்ணுக்கு ஒம்பது," என்றார் மேடம். "அத வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது."

"முடியாது மேடம்."

"அனுமானமாச் சொன்னாக்கூடப் போதும். பொறுப்பு என்னோடது."

அறையில் இருந்த ஆறு பேருக்கும் எந்தப் பதில் வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பதிலில் பொய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சரியாக ஒட்டியிருக்கலாம். இருபதுக்குப் பதினொன்று அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் எழுந்து கைகுலுக்குவார்கள். அவள் கையையும் குலுக்குவார்கள்.

"எனக்குத் தெரியாது மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி எழுதவைத்தார். 'தண்ணீர் உறுதி. கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதை, கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்க இயலவில்லை.' எழுதியவர் நிமிர்ந்து, இன்னொரு வண்டி போய்ச் சேர எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். பதினோரு வருடம் என்றார் மேடம். அப்போது மேடம் ஓய்வுபெற்று ஏழு வருடம் ஆகியிருக்கும்.

ஐஸ் அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும் என்றும், வேலைக்கு ஆபத்து இருக்காது என்று நினைப்பதாகவும் சொல்லி அனுப்பினார்கள்.

படிக்கட்டில் ரேடியோ காத்திருந்தான். இரண்டு மாடி கூடவே இறங்கினான். கடைசியில் தாங்கவில்லை.

"அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க மனசுக்கு என்ன தோணுது? அங்க இருக்கா, இல்லையா?"

"மனசுக்குத் தோணினத வச்சுத்தானேடா அன்னிக்கு ஒட்டினேன்," என்றாள் அவள்.