நாற்காலியில் ஒரு கைப்பை

அந்த அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் வேலை பார்ப்பவர்கள் வரும்போதும் போகும்போதும் இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். மாடியில் நிர்வாகப் பிரிவில் இருக்கும் மாதச் சம்பளக்காரர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வராத நாட்களை மாதக் கடைசியில் அவர்களே எழுதித் தந்தால் போதும். எழுதாவிட்டால் வந்ததாக அர்த்தம். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கீழ்த்தளத்தார் வயிறெரிவார்கள். மாடிக்காரர்கள் அதற்கெல்லாம் அசருகிறவர்களா என்ன!

மாடியில் ஒரு வழக்கமும் இருந்தது. அவசரமாக வெளியே போகிறவர் நாற்காலியில் கைப்பையை வைத்து, மேசையில் ஒரு கோப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போவார். மேலாளர் வந்து கேட்டால், "ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்காங்க சார்" என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லிவிடுவார். ரெக்கார்டு ரூமுக்கு இரண்டு மாடி இறங்க வேண்டும். மேலாளருக்கு முழங்கால் வலி.

பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த கோந்துவும் காத்தாடியும் நகமும் சதையுமாகப் பழகியவர்கள். பெயர்கள் அலுவலக உதவியாளர் வைத்தவை. உட்கார்ந்தால் எழுந்திருக்காதவள் கோந்து. ஓரிடத்தில் நிற்காதவள் காத்தாடி.

காத்தாடியின் கணவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த காலத்தில், மத்தியானம் ஆனால் போதும், அவள் பையை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். அவளுடைய கடிதங்களையும் சேர்த்துக் கோந்துதான் டைப் அடித்தாள். மேலாளருக்கு ரெக்கார்டு ரூம் கதை சொன்னதும் அவள்தான். காத்தாடி அதற்கு ஒரு நாள்கூட விடுப்பு எழுதவில்லை.

தன் விடுப்பை மட்டும் கோந்து பூதம் காத்த மாதிரி காத்தாள். வெளியூரில் இருந்த அவளுடைய ஒரே மகள் மாசமாக இருந்தாள். முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. செய்தி வந்தபோது கோந்து இதே மேசையில் உட்கார்ந்திருந்தாள். "இந்தத் தடவ நீ பக்கத்துல இருக்கணும்மா. இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு" என்று மகள் கேட்டிருந்தாள். இருப்பேன் என்று கோந்து சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

மகள் ஸ்கேன் எடுக்க இந்த ஊருக்கு வந்த சில மத்தியானங்களில் கோந்துவும் கூடப் போனாள். அரை நாள் விடுப்பு எழுதத்தான் நினைத்தாள். காத்தாடிதான் தடுத்தாள்.

"பிரசவத்துக்குச் சேத்து வச்சிருக்கறத இதுல ஏன்டி கரைக்கற? பைய வச்சிட்டுப் போ. நான் இருக்கேன்ல."

பிறகு விடுப்புக் கணக்கின் பொறுப்பாளர் பதவி காத்தாடிக்குக் கிடைத்தது. அதே கூடத்தின் கோடியில் கண்ணாடி அறை. அவளைவிட அதிகம் சந்தோஷப்பட்டது கோந்துதான்.

பிரசவம் நெருங்கியதும் கோந்து விடுப்புக்கு விண்ணப்பித்தாள். மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"எழுதாம சில மத்தியானம் வெளிய போயிருக்கீங்களாமே. விசாரணை முடியற வரைக்கும் உங்களுக்கு லீவு கிடையாதும்மா. மேலிடத்து உத்தரவு."

அந்த மத்தியானங்களைப் பற்றி ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். கோந்து நேரே கண்ணாடி அறைக்குப் போனாள்.

"நீயாடி சொன்ன?"

காத்தாடி எழுந்து கதவைச் சாத்தினாள். "மாடியில யாருமே சரியா எழுதறதில்ல, ஒரு பேராவது குடுன்னு மேல இருக்கறவங்க புடிச்சுக்கிட்டாங்க. குடுக்கலன்னா என் பழைய கதைய நோண்டுவாங்க."

"அதுக்கு என் பேருதான் கெடச்சுதா?"

"மத்தவங்களப் பத்தி எனக்கு என்ன தெரியும்? உன்னப் பத்திதான் எல்லாம் தெரியும். நீன்னா புரிஞ்சுப்பன்னு நெனச்சேன்."

வளர்த்த கடா மார்பில் பாயும் என்று கோந்து கேள்விப்பட்டிருக்கிறாள். பாய்ந்துவிட்டு, புரிந்துகொள் என்று கேட்கும் கடாவை இப்போதுதான் பார்த்தாள்.

"நானும் வாயத் திறந்தா என்ன ஆகும், யோசிச்சியா?"

"நீ சொல்லமாட்ட" என்றாள் காத்தாடி. அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, பாராட்டுகிற மாதிரி சொன்னாள். அதுதான் கோந்துவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சொல்கிறேனா இல்லையா பார் என்று கறுவிக்கொண்டே தன் மேசைக்கு வந்தாள்.

வாய்ப்பு மறுநாளே வந்தது. மத்தியானம் காத்தாடியின் கைபேசி அடித்தது. "விழுந்துட்டாரா?" என்று அவள் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிடம் படிகளில் செருப்புச் சத்தம். கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியில் பை, மேசையில் திறந்த கோப்பு.

சற்று நேரத்தில் மேலாளர் நொண்டிக்கொண்டே வந்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். நேராகக் கோந்துவிடம் திரும்பினார்.

"எங்கம்மா அவங்க?"

தெரியாது என்று சொன்னால் போதும். மிச்சத்தை அவரே கண்டுபிடித்துக்கொள்வார். கோந்து அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்காங்க சார்."

மேலாளர் முழங்காலைத் தடவியபடி திரும்பிப் போனார். கோந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாழாய்ப்போன நாக்கு, இதுவும் அவள் பக்கம்தானா? ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கைபேசி அதிர்ந்தது. மகள்.

"அம்மா, லீவு சொல்லிட்டியா? என்னிக்குக் கெளம்பற?"

இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ பொய்களை மூச்சுவிடாமல் சொன்னவளுக்கு இப்போது ஒன்றுகூட வரவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கியா?"